கை கால் பாதிப்புள்ள குழந்தை சாதாரண அரசுப் பள்ளியில் படிக்க முடியுமா?

கேட்டிருப்பது சுருக்கமாக இது: உங்கள் தெருவில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). தானாக நடக்க முடியாது, பேச்சும் தெளிவில்லை. அப்பா மார்க்கெட்டில் சுமை தூக்குகிறார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். பக்கத்து அரசு தொடக்கப் பள்ளியில் பெயர் சேர்த்தாயிற்று. ஆனால் “வீட்டிலேயே இருக்கட்டும், டீச்சர் வந்து சொல்லிக் கொடுப்பாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா, இந்த வருமானத்தில் இதெல்லாம் நடக்குமா?

நடக்கும். பக்கத்துப் பள்ளிக்கே அனுப்புங்கள். வட்டார வள மையத்தில் (வட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்த்தவள் நான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் நிலையை வைத்தே சொல்கிறேன். சேர்ப்பது பெரிய காரியமில்லை, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு வரை அந்தக் குழந்தை அங்கே இருக்க முடிய வேண்டும். யார் தூக்குவது, எதில் போவது, சிறுநீர் வந்தால் என்ன செய்வது என்ற மூன்றுக்கும் வழி செய்துகொடுத்த குழந்தைகள் படித்தார்கள். செய்துகொடுக்காத குழந்தைகளின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் இருந்தன, குழந்தைகள் வீட்டில் கிடந்தார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கும்போது அந்த அம்மாவுக்குத் தைரியம் கொடுப்பது அதுதான். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. 2012-ல் அதைத் திருத்தியபோது, மாற்றுத்திறன் குழந்தைகளை நலிவுற்ற பிரிவில் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் நலிவுற்றோருக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்களிலும் அவர்களுக்குப் பங்கு வந்தது அப்படித்தான். அதே திருத்தத்தில்தான் வீட்டுவழிக் கல்வியும் வருகிறது. கடுமையான பாதிப்போ பல வகைப் பாதிப்போ உள்ள குழந்தை அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அதாவது அது குழந்தைக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமை. “இங்கே வசதியில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்று பள்ளி சொல்வதற்கு அந்தப் பிரிவில் இடமே கிடையாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதும் அவர்கள் விருப்பம்.

“அடையாள அட்டை வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்” என்ற பதிலும் அடிக்கடி வரும். உதவித்தொகைக்கும் உபகரணத்துக்கும் அந்த மாற்றுத்திறனாளி அட்டை தேவை, வகுப்பில் உட்காருவதற்குத் தேவையில்லை. அட்டைக்காக ஒரு ஜூன் மாதத்தையும் இழக்காதீர்கள். வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமில், குழந்தை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அட்டைக்கு ஏற்பாடு செய்யலாம்.

இனி கழிப்பறை. இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சாய்தளத்தைத்தான் (சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை) கவனிக்கிறார்கள், புகைப்படத்தில் அதுதான் தெரியும். ஆனால் சாய்தளம் இல்லாத பள்ளியிலும் இரண்டு பேர் சேர்ந்து குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட முடியும். சிறுநீரை யாரும் அப்படிச் சமாளிக்க முடியாது. தானாக நடக்க முடியாத பல குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், காலையில் தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்கு வருகிறார்கள். தாய்மார்களே அப்படிப் பழக்குகிறார்கள், அவர்களுக்கு வேறு வழி இல்லை. அதனால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மாதத்தில் பாதி நாள் விடுப்பு. முதுகுத்தண்டு பிளவுடன் பிறந்த குழந்தைகள் பலருக்குக் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். அவர்களுக்குத் தொற்று வந்தால் சிறுநீரகம் வரை போகும். வயதுக்கு வந்த பிறகு மாதவிடாய் நாட்களும் சேர்ந்துகொள்ளும். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை நின்றுவிட்டாள் என்றால், “படிப்பு ஏறல” என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால் கழிப்பறையில் வந்து நிற்கும்.

சிறப்புக் கழிப்பறை என்று கட்டப்பட்டவற்றிலும் பல பூட்டிக் கிடக்கின்றன, அல்லது துடைப்பமும் பழைய பெஞ்சும் வைக்கும் அறையாகிவிட்டன. எனவே பள்ளிக்குப் போகும்போது “கழிப்பறை இருக்கிறதா” என்று கேட்காதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். கதவு 90 சென்டிமீட்டராவது அகலம் இருக்கிறதா, வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, உட்காரும் வகைக் கோப்பை இருக்கிறதா, பக்கத்துச் சுவரில் பிடிமானக் கம்பி ஆடாமல் இருக்கிறதா, உள்ளேயே தண்ணீர் வருகிறதா, சாவி யாரிடம் இருக்கிறது? கோப்பை இல்லையென்றால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை இப்போதைக்கு வைத்துச் சமாளிக்கலாம். கட்டடப் பணிக்கு மாதக்கணக்கில் ஆகும், இந்த நாற்காலியை ஒரு வாரத்தில் செய்துவிடலாம்.

சாய்தளத்துக்கு ஒரே ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வகுப்பறைத் தரை ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் பதினெட்டு அடி நீள வேண்டும். பல பள்ளிகளில் படிக்கட்டு இருந்த இடத்திலேயே ஐந்தாறு அடிக்குள் சிமென்ட் பூசி முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியைப் பெரியவர்களே தள்ளி ஏற்ற முடியாது, இறக்கும்போது குழந்தை முன்பக்கமாகச் சரிந்து விழும். ஆனாலும் பள்ளிக் கணக்கெடுப்புப் படிவத்தில் “சாய்தளம்: உண்டு” என்று பதிவாகிவிடும்.

அடுத்தது அம்மாவின் கூலி. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மணிக்குப் பள்ளியில் விட வேண்டும், பதினொரு மணிக்குக் கழிப்பறைக்குத் தூக்க வர வேண்டும், மதியம் ஊட்டிவிட வர வேண்டும், நான்கு மணிக்கு அழைத்துப்போக வேண்டும். இப்படி ஒரு பெண் எந்த வீட்டில் வேலை பார்ப்பார்? எந்தக் கட்டட மேஸ்திரி அவரைச் சித்தாளாக வைத்துக்கொள்வார்? “இலவசக் கல்வி” என்கிறோம், அந்தக் குடும்பம் தினமும் ஒரு ஆளின் கூலியைக் கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. வசதியுள்ள வீட்டில் ஆள் வைத்துக்கொள்வார்கள். இங்கே அக்காவோ பாட்டியோ அந்த வேலைக்கு வருவார்கள், அக்காவின் படிப்பும் பாதிக்கப்படும். கொஞ்ச நாளில் குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்துக் குழந்தையை வீட்டில் வைத்துவிடுகிறது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மிகவும் தவறான தீர்ப்பு.

இதற்கு முழுத் தீர்வு இன்று அரசிடம் இல்லை. ஆனால் ஒன்றோடொன்று சேர்த்தால் ஓரளவு தாங்கும் சில வழிகள் உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் குழந்தைக்குப் போக்குவரத்துப் படியும், துணைக்கு வருபவருக்கான படியும் இருக்கின்றன. வட்டார வள மையத்தில், பேச்சுவழக்கில் பி.ஆர்.சி. என்பார்களே, அங்கே பெயர் கொடுக்க வேண்டும். அதே திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை உண்டு. பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்று மருத்துவர் சான்று கொடுத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை, அதற்கு முன் 1,500. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணையாக வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. பேருந்துப் படியில் குழந்தையைத் தூக்கி ஏற்ற வேண்டும் என்பது வேறு விஷயம். அதனால்தான் ஷேர் ஆட்டோ செலவுக்குப் போக்குவரத்துப் படியைக் கேட்டு வாங்குவது முக்கியம்.

பள்ளிக்குள் குழந்தையைத் தூக்கிக் கழிப்பறைக்கு அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச வேண்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதில் பிரதிநிதித்துவம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த அம்மாவையே உறுப்பினராக்க முடிந்தால் நல்லது. சத்துணவு சமைக்கும் அக்கா, காலை உணவு சமைக்க வரும் மகளிர் குழுப் பெண்கள், பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் வேறொரு தாய் என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டு, அவருக்கு ஒரு சிறு தொகையும் ஏற்பாடு செய்தால் அம்மா வேலைக்குப் போகலாம். எங்கள் பகுதியில் நிலைத்து நின்ற ஏற்பாடுகளெல்லாம் இப்படிப் பள்ளியைச் சுற்றியுள்ள பெண்களால் நின்றவைதான். ஒருவரின் தயவில் வெறுமனே விடாதீர்கள், எவ்வளவு, யார் கொடுப்பது என்பதைக் குழுவின் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

வீடு மாடியில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வாரியக் குடியிருப்பில் லிஃப்ட் இல்லாத மாடியில் வீடு ஒதுக்கப்பட்டிருந்தால், தரைத்தளத்துக்கு மாற்றக் கோரி இப்போதே மனுக் கொடுங்கள். வளர வளர அந்தக் குழந்தையின் எடை கூடும், அம்மாவின் இடுப்பு பலம் குறையும். பத்து வயதுக்கு மேல் பள்ளியை விட்ட பல குழந்தைகளின் வீட்டில் நான் பார்த்த காரணம் இதுதான்.

சக்கர நாற்காலி பற்றிக் கொஞ்சம். முகாமில் கொடுக்கும் நாற்காலியை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். பெரியவர்கள் அளவில் இருக்கும் நாற்காலியில் ஏழு வயதுக் குழந்தை ஒரு பக்கமாகச் சாயும், அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து முதுகெலும்பு வளையும். இடுப்பகலம் அளந்து, கால் பலகையில் பாதம் பதிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மூளை முடக்குவாதக் குழந்தைகள் பலருக்குத் தலைக்கும் மார்புக்கும் பிடிமானம் உள்ள தனி நாற்காலி தேவைப்படும். நம் ஊர் உதவி முறைகள் பெரும்பாலும் இளம்பிள்ளை வாதக் காலத்தில் உருவானவை. காலிப்பர் (காலில் கட்டும் தாங்கி), ஊன்றுகோல், மூன்று சக்கர வண்டி, இவை கால் மட்டும் பலமிழந்த குழந்தைக்குப் போதும். நாட்டில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார், 2014-ல் உலக சுகாதார நிறுவனம் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது. இன்று வகுப்புக்கு வர வேண்டிய குழந்தைகளில் மூளை முடக்குவாதமும் தசைச்சிதைவும் (தசைகள் வரவரப் பலமிழக்கும் நோய்) அதிகம். இவர்களுக்குக் கை, கழுத்து, பேச்சு, விழுங்குவது வரை உதவி வேண்டும். பழைய அளவுகோலில் பார்க்கும் பள்ளிக்கு இவர்கள் “ரொம்பக் கஷ்டமான கேஸ்” ஆகத் தெரிகிறார்கள்.

பேச்சு தெளிவில்லை என்றால் புத்தியும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் வகுப்பறையில் நடக்கும் பெரிய அநீதி. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு கிடையாது. வாய், நாக்குத் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லை, அவ்வளவுதான். மீதிப் பாதிப் பேரும் கற்கக்கூடியவர்களே, வேகம் வேறு. கேள்வி கேட்டு, அந்தக் குழந்தை பதில் சொல்ல இருபது வினாடி காத்திருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மூன்று வினாடியில் அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்கள். கண்ணால் காட்டவும் விரலால் தொடவும் ஒரு அட்டை செய்து கொடுங்கள்: ஆம், இல்லை, தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, புரியவில்லை. பிறகு எழுத்துகளும் எண்களும் சேர்த்துக்கொள்ளலாம். பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்குவது, தாளை மேஜையில் டேப் போட்டு ஒட்டுவது, சாய்வுப் பலகை வைப்பது, எழுத்துத் தேர்வுக்குப் பதில் வாய்மொழியாகக் கேட்பது, இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் பத்துச் சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேலுள்ள வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று அளவு சொன்னது. களத்தில் ஒரு சிறப்புப் பயிற்றுநர் தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளைச் சுற்றுகிறார். வாரத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிகம். அந்தத் தொகுப்பூதியமும் ஒன்றிய, மாநில அரசுகளின் கூட்டு நிதியிலிருந்து வருவது. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்த விவகாரத்தில் 2024–25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டபோது இந்த வேலைகளும் அதில்தான் தொங்கின. எனவே சிறப்பாசிரியர் வந்து எல்லாம் செய்வார் என்று காத்திருக்க முடியாது. தினமும் அந்தக் குழந்தையோடு இருப்பவர் வகுப்பு ஆசிரியர். அவரைத்தான் நம் பக்கம் கொண்டுவர வேண்டும். சட்டப் பிரிவு எண்ணோடு போய் அவரை மிரட்டினால் குழந்தைக்குத்தான் நஷ்டம். குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைத்தால் எழுத வரும், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அம்மாவே ஒரு காலை அவருக்குச் செய்து காட்டட்டும். பல ஆசிரியர்களுக்கு மனமில்லாமல் இல்லை, தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு வாரம் வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். நான் எச்சரிக்க விரும்புவது வேறொன்று. நல்ல மனமுள்ள ஒரு பிள்ளையைப் பிடித்து, நாற்காலி தள்ளுவது, பை தூக்குவது என்று நிரந்தர வேலையாளாக்கிவிடக் கூடாது. முறை வைத்து மாற்றச் சொல்லுங்கள். பி.டி. பீரியடில் இந்தக் குழந்தையை வகுப்பில் எல்லோருடைய பைகளுக்கும் காவலாக உட்கார வைக்கவும் விடாதீர்கள். மைதானத்துக்குப் போய் ஸ்கோர் சொல்லட்டும், உட்கார்ந்தபடி பந்து எறியட்டும். இறைவணக்கத்தில் முன் வரிசையில் நாற்காலியோடு இருக்கட்டும்.

சிறப்புப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமையான பாதிப்பும், அடிக்கடி வலிப்பும், தினசரி இயன்முறைச் சிகிச்சையும் தேவைப்படும் காலத்தில் சில ஆண்டுகள் நல்ல சிறப்புப் பள்ளியோ ஆரம்பநிலைச் சிகிச்சை மையமோ பெரிய உதவி. சென்னையில் வித்யாசாகர், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்றவை இந்தத் துறையில் பல ஆண்டுகளாகச் செய்திருக்கும் வேலை மரியாதைக்குரியது. அமர் சேவா சங்கம் கிராமப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களை வீடு தேடி அனுப்பும் முறை ஏழைக் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் சிறப்புப் பள்ளி இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்து, விடுதியில்தான் விட வேண்டும் என்றால், பேச்சு தெளிவில்லாத ஏழு வயதுப் பெண் குழந்தையை அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. தன் தேவையைச் சொல்ல முடியாத குழந்தை, தன் பேச்சு புரிகிற அம்மாவிடம் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5 முதல் 19 வயது வரையான மாற்றுத்திறன் குழந்தைகளில் 27 சதவீதம் பேர் பள்ளிக்கே போனதில்லை, 12 சதவீதம் பேர் போய் நின்றவர்கள். பலவகைப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிக்கு மேல் போகவே இல்லை. அந்த 12 சதவீதம் என்னை அதிகம் உறுத்துகிறது. சேர்த்து, பழகி, எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு விட்டவர்கள் அவர்கள்.

மறுத்தால் எங்கே போவது? முதலில் எழுத்தில் கேளுங்கள். “குழந்தையைத் தினமும் வகுப்பில் அனுமதிக்க வேண்டுகிறோம்” என்று ஒரு மனு, நகலில் பள்ளி முத்திரை. வாய் வார்த்தையில் மறுப்பவர்கள் எழுத்தில் மறுப்பது அபூர்வம். அதற்கும் மேல் வட்டாரக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் குறைதீர்க்கும் கூட்டம், பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

கடைசியாக, இப்போதே நினைவில் வைக்க வேண்டியது ஆறாம் வகுப்பு. தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும், அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்குச் சட்டம் மூன்று கிலோமீட்டர் வரை விட்டிருக்கிறது. அங்கே வகுப்பறைகள் மாடியிலும் இருக்கும். தசைச்சிதைவு உள்ள ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் நடையை இழக்கும் வயதும் அதை ஒட்டித்தான் வருகிறது. ஐந்தாவது வரை நன்றாகப் படித்த பிள்ளைகள் காணாமல் போவது இங்கேதான். குழந்தை நான்காவது படிக்கும்போதே அந்தப் பெரிய பள்ளிக்குப் போய்க் கழிப்பறையையும் வகுப்பறைத் தளத்தையும் பாருங்கள். கட்டட வேலை ஆண்டுத் திட்டத்தில் ஏறி, பணம் வந்து, முடிய அவ்வளவு காலம் பிடிக்கும். எது நடக்காவிட்டாலும், குழந்தையின் வகுப்பு மட்டும் தரைத்தளத்தில் நடக்கட்டும் என்று கேளுங்கள். கால அட்டவணை போடுகிறவர் மனம் வைத்தால் ஒரு நாளில் முடிகிற வேலை அது. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும், ஒரு மொழிப்பாட விலக்கும் உண்டு. அவற்றுக்கு மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எழுதுபவரிடம் விடை சொல்வதும் பழகி வருவதுதான், அதை எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.